பிரஷர் மாத்திரையும் வறட்டு இருமலும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் மார்கழியில் யாராவது இருமினால் பழி முதலில் பனியின் மேல் விழும். அடுத்தது கரும்புச் சோகை எரிக்கிற புகை. இருமுகிறவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் மூன்றாவதாக ஒரு பேச்சும் கிளம்பும்: "மாத்திரை நுரையீரலை அரிச்சுடுச்சு." அன்றோடு மாத்திரை நின்றுவிடும். இந்தப் பேச்சில் பாதி உண்மை. அதனால்தான் ஆபத்தும் அதிகம்.

நம்பிக்கை: நுரையீரலின் வேலை மூச்சு மட்டும், ரத்த அழுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உண்மை: சம்பந்தம் நெருக்கமானது. சிறுநீரகம் சுரக்கும் ரெனினால் ரத்தத்தில் ஆஞ்சியோடென்சின்-1 உருவாகிறது. அதற்குப் பெரிய வலு கிடையாது. ரத்தம் நுரையீரலின் நுண்குழாய்களைக் கடக்கையில், அவற்றின் உட்சுவரில் இருக்கும் ஏசிஇ என்ற நொதி அதன் பத்து அமினோ அமிலங்களில் இரண்டை வெட்டிவிடுகிறது. மிஞ்சுகிற ஆஞ்சியோடென்சின்-2 உடம்பெங்கும் ரத்தக் குழாய்களை இறுக்கும், அழுத்தம் ஏறும். இந்த மாற்றம் ரத்தத்திலேயே நடக்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். ரத்தத்தில் அது மிக மெதுவாகவே நடக்கிறது, நுரையீரலை ஒருமுறை கடந்தாலே பெருமளவு முடிந்துவிடுகிறது என்று 1967-இல் கெவின் இங், ஜான் வேன் இருவரும் காட்டினார்கள்.

பிரேசிலின் செர்ஜியோ ஃபெரேரா, ஜராராக்கா விரியனின் விஷத்திலிருந்து பிரித்த சாற்றை லண்டனில் வேனின் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். நாயின் நுரையீரலிலிருந்து எடுத்த ஏசிஇ நொதியை அது முடக்குவதை ஒய்.எஸ்.பக்லே கண்டார். அந்தத் தடத்தில் 1975-இல் ஸ்குவிப் நிறுவனம், இந்த நொதியை முடக்கி அழுத்தத்தைக் குறைக்கும் கேப்டோபிரிலை உருவாக்கியது. எனலாபிரில், ராமிபிரில் எல்லாம் அதன் பின் வந்தவை.

நம்பிக்கை: அப்படியானால் இது பாம்பு விஷ மாத்திரை.

உண்மை: இல்லை. விஷம் வழிகாட்டியது மட்டும்தான், மாத்திரை முழுக்க ஆய்வகத்து வேதிப்பொருள்.

நம்பிக்கை: இருமல் வந்தால் நுரையீரல் கெட்டுவிட்டது, மாத்திரையை நிறுத்த வேண்டும்.

உண்மை: இதே ஏசிஇ நொதிதான் பிராடிகினின் என்ற பொருளையும் சிதைக்கிறது. மாத்திரை நொதியை முடக்கினால் பிராடிகினின் தேங்கி மூச்சுப்பாதையைக் கிளறும். தொண்டையில் அரிப்பு, சளியே இல்லாத வறட்டு இருமல், இரவில் தூக்கம் போகும். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இப்படி வரலாம். நுரையீரல் இதனால் அரிபடுவதில்லை. மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சில வாரங்களில் இருமல் அடங்கும்.

ஆகவே மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. பெயர் 'பிரில்' என்று முடிந்தால் மருத்துவரிடம் அதைக் காட்டி இருமலைச் சொல்ல வேண்டும். லோசார்டான் போன்ற வேறொன்று தருவார். அம்லோடிபின் என்றிருந்தால் இருமலுக்குக் காரணம் வேறு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறவர்கள், கொண்டுவரும் பெண்ணிடமே இதைச் சொல்லலாம். தானாக நிறுத்துவதுதான் கூடாது. அழுத்தம் சத்தமில்லாமல் ஏறி பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு என்றிருந்தால் காசநோயா என்று பார்க்கச் சளிப் பரிசோதனை அவசியம். தானாக நிறுத்தக் கூடாது என்பதற்கு ஒரு விலக்கு உண்டு: 'பிரில்' மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உதடோ நாக்கோ வீங்கினால் அடுத்த வேளை மாத்திரையைத் தொடக்கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.