பேரேட்டிலிருந்து நீக்கப்பட்ட மேஜர்

முதல் உலகப் போர் என்றதும் நம் பள்ளிப் பாடத்தில் வருபவர், சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட கவ்ரிலோ பிரின்சிப். நாம் இங்கே பார்க்கப்போவது வேறொருவரை: டிராகுடின் கவ்ரிலோவிச் என்ற செர்பிய ராணுவ அதிகாரி. பெயர் ஒற்றுமையால் குழம்பிவிட வேண்டாம்.

1882-ல் பிறந்த இவர், 1901-ல் ராணுவக் கல்லூரிப் படிப்பை முடித்து, இரு பால்கன் போர்களிலும் பங்கேற்றார். 1915-ல் மேஜர், வயது 33.

செர்பியத் தலைநகர் பெல்கிரேட், சாவாவும் டான்யூபும் கூடும் இடத்தில் இருக்கிறது. அன்று ஆற்றுக்கு அக்கரையே எதிரி நாடு. தலைநகரே எல்லைக்காவல் நிலையமாகவும் இருந்தது என்றால் அதன் கஷ்டத்தை ஊகிக்கலாம். அக்டோபர் தொடக்கத்தில் ஜெர்மானிய, ஆஸ்திரிய பீரங்கிகள் நகரைத் துளைத்தன. பிறகு படகுகளில் வீரர்கள் வந்து இறங்கினர்.

அக்டோபர் 7. மூன்று மணிக்கு எதிர்த்தாக்குதல் என்று உத்தரவு. கவ்ரிலோவிச் தம் வீரர்களிடம் பேசினார். தலைமையகம் நமது ரெஜிமென்டைப் பேரேட்டிலிருந்து ஏற்கெனவே நீக்கிவிட்டது. ஆகவே உயிரைப் பற்றி இனி நீங்கள் கவலைப்பட வேண்டாம், அது இப்போது இல்லை என்பது அந்தப் பேச்சின் சாரம். வீர உரைகளில் பொதுவாகப் புகழும் சொர்க்கமும் வரும். இதில் வருவது கணக்குப் புத்தகம்! அதனால்தானோ என்னவோ, செர்பியர்கள் இதை இன்றும் மறக்கவில்லை. வீரர்கள் பாய்ந்தனர், பலர் மாண்டனர். 9-ம் தேதி நகரம் வீழ்ந்தது. எதிர்த்தரப்புத் தளபதி மாக்கென்சன், இறந்த செர்பிய வீரர்களுக்கு பெல்கிரேடில் ஒரு நினைவுக்கல் நட்டார். அந்தக் கல் இன்றும் இருக்கிறது.

பேசியவர் சாகவில்லை. செர்பியப் படை அல்பேனியப் பனிமலைகளைக் கடந்து, கோர்ஃபு தீவில் உயிர்பிடித்து, 1918-ல் சலோனிகா முனையை உடைத்துத் தாயகம் திரும்பியது. அவர் கர்னல் ஆனார்.

அடுத்த போரைப் பற்றி எந்தப் பள்ளிப் பிள்ளையும் மனப்பாடம் செய்வதில்லை. 1941 ஏப்ரல் 6 அன்று ஜெர்மன் விமானங்கள் பெல்கிரேடின் மேல் குண்டு பொழிந்தன. பதினோரு நாளில் யூகோஸ்லாவியா சரணடைந்தது. அறுபதை நெருங்கிய கவ்ரிலோவிச் கைதியானார். இம்முறை உரையாற்ற நேரமும் இல்லை, பாய்ந்து செல்லப் படையும் இல்லை. ஜெர்மன் முகாமில் முள்வேலிக்குப் பின்னால் நான்கு ஆண்டுகள் கழிந்தன.

1945-ல் உடல் நலிந்து பெல்கிரேட் திரும்பியவர், அதே ஜூலையில் காலமானார். அந்தப் பேரேட்டுக் கணக்குக்குப் பிறகு அவர் வாழ்ந்தது ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்.