தார் நிலத்துப் பாலையும் அதன் உயிர்களும்

பாலை என்னுஞ் சொல் செவியிற் பட்ட அளவிலே நம்மனோர் உள்ளத்தில் முன்னர்த் தோன்றுவது பிரிவு. அகப்பொருள் பயிலும் மாணவர்க்கு அஃது இயல்பே. பொருள் தேடிச் செல்லுந் தலைவன், அவன் நடக்குங் கொடுஞ்சுரம், நீரற்ற சுனை, வழிப்போவாரைக் கொள்ளையிடும் ஆறலைகள்வர், மனையிலிருந்து நாளெண்ணுந் தலைவி ஆகிய இவையே நாம் வகுப்பிற் கண்ட பாலை. அத்தகைய நிலத்துக்கு மனைவி மக்களோடு, கட்டுச்சோறும் நீருங் கொண்டு, இன்பத்தின் பொருட்டே செல்வாரும் உளர் எனின் நம் பழைய உரையாசிரியர்கள் நகைப்பர் போலும். ஆயினும் அங்ஙனஞ் செல்லத்தக்க பாலையொன்று நம் நாட்டிலேயே உளது. இராஜஸ்தானத்தின் மேற்கே பரந்து கிடக்குந் தார் நிலமே அது. எந்தையார் புகைவண்டித் துறையில் தொழில் பூண்டு ஜோத்பூரில் வாழ்தலின், விடுமுறைதோறும் பெற்றோரோடும் தம்பி தங்கையரோடும் அந்நிலத்தைச் சுற்றிக் காணும் பேறு எனக்கு வாய்த்துளது. அங்குக் கண்டனவற்றையும் அவை பற்றிப் பின்னர்க் கற்றனவற்றையும் ஈண்டு ஒருங்கே எழுதுகின்றேன்.

தொல்காப்பியனார் நானிலத்துக்கும் பெயர் கூறிப் பாலைக்கு நிலங் கூறாது விட்டார். முல்லையுங் குறிஞ்சியும் வெப்பத்தால் தம் இயல்பு திரிந்தவிடத்துப் பாலையாம் என்று பின்னர் இளங்கோவடிகள் விளக்கினார். எனவே தமிழர்க்குப் பாலையென்பது ஓர் இடமன்று. ஒரு பருவத்தில் நிலம் எய்தும் நிலை. மழை பெய்தால் அது மீண்டும் முல்லையாகும். தார் நிலமோ அங்ஙனம் திரிந்ததன்று. இந்தியாவிலும் பாகிஸ்தானத்திலுமாக ஏறத்தாழ 2 இலட்சம் சதுரக் கிலோமீட்டர் பரந்த அப்பரப்பு, நிலையான பாலையே. அரபிக்கடலிலிருந்து எழும் பருவக்காற்று ஆரவல்லி மலைக்கு இணையாக ஓடிப்போதலின் அம்மலை முகிலைத் தடுத்து மழையாக்குவதில்லை. வங்கக்கடற் காற்றோ அவ்வளவு தொலைவு வருமுன் ஈரம் இழந்துவிடுகின்றது. ஜெய்சால்மர்ப் பக்கத்தில் ஆண்டு முழுதும் பெய்யும் மழை 20 சென்டிமீட்டர் அளவே; சிலவிடத்து அதனினுங் குறைவு. வெப்பத்தைப் பற்றி ஒன்றே கூறுவேன்: 2016-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் பலோடி என்னும் ஊரில் 51 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று.

இதனைக் கண்டு அஞ்சற்க. தொல்காப்பியனார் பாலைக்கு வேனிலை மட்டுமன்றிப் பின்பனியையும் உரிய காலமாக வகுத்தார் அன்றோ? அந்நூற்பாவின் பொருள் எனக்கு வகுப்பில் நன்கு விளங்கவில்லை. தார் நிலத்துத் தை மாதத்து வைகறையில் கம்பளியின்றி நின்றபோது விளங்கிற்று. ஐப்பசி முதல் மாசி வரையுள்ள திங்கள்களே குடும்பத்தோடு செல்லுதற்கு ஏற்றன. அக்காலத்துப் பகல் இனிது; இரவிற் குளிர் சில நாளில் உறைநிலையை அணுகும்.

பாலையெனின் எங்கும் மணற்குன்றே என எண்ணுதல் பெரும்பாலார் கொள்கை. உண்மையில் தார் நிலத்திற் பெரும்பகுதி புல்லும் புதரும் கல்லும் விரவிய வெளி. பெயர்ந்து செல்லும் மணற்குன்றுகளைக் காண விழைவார் ஜெய்சால்மருக்கு மேற்கே 40 கிலோமீட்டரளவிலுள்ள சாம் என்னும் ஊர்க்குச் செல்வர். மாலைப்பொழுதில் அங்கு ஒட்டகச் சவாரியும் ஆட்டபாட்டமும் ஒலிபெருக்கியுமாக ஆரவாரம் மிகுதி. அதனை யான் விரும்புகின்றிலேன். அங்குச் செல்வார் விடியுமுன் செல்க. அப்பொழுது மணல், முன்னிரவில் நடந்தனவெல்லாம் எழுதிவைத்த ஏடு போலக் கிடக்கும்.

அவ்வேட்டைப் படித்தலே சிறுவர்க்கு எல்லாவற்றினும் இனிய விளையாட்டு. வண்டு சென்ற வழி, இருபுறமுந் தையலிட்டாற் போன்ற மெல்லிய கோடு. மணலெலியின் தடம் புதரிலிருந்து புதருக்குத் தாவித் தாவி ஓடும். நரியின் அடிகள் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் அமையும். நாயின் அடிகள் அங்ஙனம் ஒழுங்குபடா. ஒன்றோடொன்று இணையாத சாய்ந்த கோடுகள் வரிசையாகத் தோன்றுமாயின் சுருட்டைவிரியன் பக்கவாட்டிற் சென்றதென்று அறிக. குளிர்காலத்தில் அஃது அரிது. அப்பாம்பு தன் உடலைச் சுருட்டிச் செதில்களை ஒன்றோடொன்று உரசி அரம் அராவுவது போல் ஒலிக்கும். அவ்வொலி கேட்டவர் நின்ற இடத்திலிருந்து மெல்லப் பின்வாங்க வேண்டும். கணைக்கால் மறையுங் காலணியின்றி எங்கள் வீட்டில் ஒருவரும் மணலில் இறங்குவதில்லை.

மணற்குன்றின் வடிவும் ஒரு பாடமே. காற்று வரும் பக்கம் சாய்வு மெலிதாகவும் மணல் இறுகியும் இருக்கும். மறுபக்கம் செங்குத்தாகவும் பொலபொலவென்றும் இருக்கும். ஏறுவார் காற்றுப்பக்கம் ஏறி மறுபக்கம் சறுக்கியிறங்கினால் பாதி உழைப்பு மிஞ்சும். என் தம்பி இதனைக் கற்க ஒரு நாளும் வேண்டவில்லை. முதல் அரைமணியிலேயே கண்டுகொண்டான்.

இனி மரஞ்செடிகளைக் கூறுவாம். அந்நிலத்தார் கேஜ்டி என்று போற்றும் மரம் பிறிதன்று, நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியே. 1983-ஆம் ஆண்டு அது இராஜஸ்தானத்தின் மாநில மரமாயிற்று. நிலத்துள் மிக ஆழமாக வேரோட்டி நீரை உறிஞ்சுதலின் கடுங்கோடையிலும் அது தளிர்க்கும். தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் உணவு. இளங்காய் மக்களுக்குக் கறி. சங்க்ரி எனப்படும் அக்காயையும் இலையற்ற கேர்ச் செடியின் காயையும் உலர்த்திவைத்து ஆண்டு முழுதும் சமைப்பர். எம் அன்னையார் அதனைப் புளிக்குழம்பாக்கி வெற்றி கண்டனர். அண்டை வீட்டார் அதனை ஒப்பவில்லை.

இவ்வன்னியின் பொருட்டு உயிர் நீத்தாரும் உளர். 1730-ஆம் ஆண்டு ஜோத்பூர் மன்னர் அபய்சிங்கின் ஆட்கள் அரண்மனைப் பணிக்குச் சுண்ணாம்பு சுடும் விறகின் பொருட்டுக் கேஜட்லி என்னுஞ் சிற்றூர் மரங்களை வெட்ட வந்தனர். பிஷ்னோய் மரபினரான அவ்வூரார், அமிர்தாதேவி என்னும் பெண்மணி முதலாக, மரங்களைத் தழுவிநின்று வெட்டுண்டனர். மாண்டார் தொகை 363 என்பர். உயிருள்ள மரத்தை வெட்டலாகாது, உயிர்களிடத்து இரக்கம் வேண்டும் என்பன ஜாம்போஜி என்னும் பெரியார் 15-ஆம் நூற்றாண்டில் அவர்க்கு வகுத்த 29 நெறிகளுட் சேர்ந்தவை. ஜோத்பூரினின்று ஒரு பகற்பொழுதில் அவ்வூரைக் கண்டு மீளலாம். பிஷ்னோய் ஊர்ப்புறத்து வயல்களில் சிங்காரா மான்கள் மாந்தரை அஞ்சாது மேய்தலை வழியிலேயே காணலாம்.

அச்சிறுமான் பல நாள் நீர் பருகாதே உயிர்வாழும். தழையின் ஈரமும் இரவுப் பனியுமே அதற்குப் பெரும்பாலும் போதும். மணலெலியும் நீர்நிலையை நாடுவதில்லை. முள்வாற் பல்லி குளிர்காலத்தில் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே உறங்கும். மாசிக்குப் பின் வெயில் ஏறியபோது வெளிவந்து புல்லையும் இலையையும் மேயும். இவ்வெளிய பிராணியைக் கொன்று கொழுப்பை எண்ணெயாக்கி மருந்தென்று விற்பார் உளர். சட்டம் அதனைத் தடுக்கின்றது. வாங்குவார் உள்ளவரை விற்பாரும் இருப்பர்.

கல்கௌதாரியின் செய்தி தனித்துக் கூறத்தக்கது. காலைப்பொழுதில் இப்பறவைகள் கூட்டங் கூட்டமாகக் குரலெழுப்பிக்கொண்டு குட்டைகளுக்கு வந்திறங்கும். குஞ்சு பொரித்த காலத்தில் ஆண்பறவை நீரில் நின்று தன் வயிற்றிறகுகளை நனைத்துக்கொண்டு பறந்து போகும். அவ்விறகுகள் பஞ்சு போல் நீரை ஏந்தும் அமைப்புடையன. தொலைவிலுள்ள குஞ்சுகள் தந்தையின் வயிற்றடியிற் புகுந்து அந்நீரை உறிஞ்சிப் பருகும். பாலைக்கலியிலே, பெண்யானை குடித்து எஞ்சிய சேற்றுநீரால் அமையும் யானையும், துணையின் வெப்பந் தணியச் சிறகால் விசிறும் புறாவும், பெண்மானைத் தன் உடல் நிழலில் நிறுத்தித் தான் வெயிலேற்கும் மானும் வருகின்றன. பிரிந்துசெல்லுந் தலைவன் இவற்றைக் கண்டு மனைக்கு மீள்வான் என்பது தலைவியின் நம்பிக்கை. அப்புலவர் கல்கௌதாரியைக் கண்டிருப்பின் நான்காவது உவமை ஒன்று நமக்குக் கிடைத்திருக்கும். அம்மூன்று காட்சியையுங் கற்பனையென்று தள்ளுவார், நண்பகலில் வன்னியின் சிறு நிழலில் மானினம் நெருங்கி நிற்றலை ஒருமுறை காண்பாராக.

பாலைக்குரிய புள்ளென நூல்கள் கூறுங் கழுகும் அங்குண்டு. மாட்டுக்கு இட்ட டைக்லோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் வழியே கழுகினத்தை ஏறக்குறைய முற்றும் அழித்தது. 2006-இல் அம்மருந்தை மாட்டுக்கு இடுதல் விலக்கப்பட்டது.

செல்வார் அறியவேண்டுவன சில. ஒருவர்க்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் நீரேனுங் கொள்க. பாதி நீர் செலவானவுடன் திரும்புக. காண்பன எஞ்சியிருப்பினுந் திரும்புக. மரமுங் கட்டிடமும் இல்லா வெளியில் தொலைவு கண்ணுக்குப் புலப்படாது. அண்மையிலிருப்பதாகத் தோன்றும் மேடு ஒரு மணி நடையாக இருக்கும். நண்பகலில் நிலத்தை ஒட்டிய காற்று சூடேறி மென்மையாதலின், வானத்து ஒளி அதனுள் வளைந்து கண்ணை எய்தி நீர்போலத் தோன்றும். இதனையே நம் முன்னோர் பேய்த்தேர் என்றனர். சிறுவரை முன்னேயும் பெரியவரைப் பின்னேயும் விட்டு நடத்தல் எந்தையாரின் வழக்கம். நடையின் வேகத்தைச் சிறியவரே அமைப்பர், எவரும் பின்தங்கிக் காணாமற் போகார்.

பலோடிக்கு அருகிலுள்ள கீச்சன் என்னுஞ் சிற்றூர் முதியோரோடு செல்வார்க்கு உகந்தது. அங்கு நடத்தல் வேண்டா. மத்திய ஆசியாவினின்றும் மங்கோலியாவினின்றும் இமயங் கடந்து வரும் குர்ஜா என்னுங் கொக்கினம் ஆயிரமாயிரமாகப் புரட்டாசியளவில் வந்திறங்கிப் பங்குனி வரை தங்கும். ஊரார் பல்லாண்டாக அவற்றிற்குத் தானியம் இடுகின்றனர். அவ்வூர் நீர்நிலை 2025-இல் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலிற் சேர்ந்தது. எம் பாட்டியார் மாடியொன்றில் அமர்ந்து அவற்றை இரண்டு மணி நேரங் கண்டு, காப்பியையும் மறந்தனர்.

ஜெய்சால்மருக்கு மேற்கே 3,162 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்புடைய பாலைவனத் தேசியப் பூங்கா உளது. எங்கள் பயணங்களில் யாம் மிகுதியும் நாடியது அதனையே. காரணம் ஒரு பறவை. இன்றைய பறவைநூலார் அதனைத் தமிழிற் கானமயில் என்பர். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமும், ஆணாயின் 15 கிலோ அளவு எடையும் உடைய அது, பறக்கும் பறவைகளுள் மிகக் கனத்தவற்றுள் ஒன்று. முன்னாளில் நம் தமிழ்நாட்டு வறண்ட வெளிகளிலும் அது வாழ்ந்தது. இன்று இங்கு ஒன்றேனும் இல்லை. உலகில் எஞ்சியன ஏறக்குறைய 150 என்று மதிப்பிடுகின்றனர். அவற்றுட் பெரும்பாலன தார் நிலத்தன.

ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும். அதனையும் கூடின்றி வெறுந்தரையில் இடும். புல்வெளியில் வண்டியை நெறிவிட்டுச் செலுத்தலாகாது என்பது இதனாலேயே. இந்திரா காந்தி கால்வாயின் பணி 1958-இல் தொடங்கியது. அந்நீர் வந்தபின் சேவண் புல் விளைந்த வெளிகள் பல உழுநிலமாயின. அதனினும் பெரிய இடர் மின்கம்பி. இப்பறவையின் கண்கள் இருபுறமும் நோக்கியிருத்தலின் நேரெதிரே உள்ளதை நன்கு காணமாட்டாது. உடற்கனத்தால் விரைந்து திரும்பவும் இயலாது. கம்பியில் மோதி மடியும். கதிரொளி மின்னிலையங்கள் பெருகியதால் கம்பிகளும் பெருகின. 2021 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், இயலுமிடத்துக் கம்பிகளை மண்ணுள் புதைக்க ஆணையிட்டது; 2024 மார்ச்சில் அவ்வாணையைத் தளர்த்தி, இரு பக்கத்து நலனையும் ஆராய வல்லுநர் குழுவை அமைத்தது. கரி எரியாத மின்சாரம் நாட்டுக்கு வேண்டும் என்பதை யான் மறுக்கவில்லை. ஆயினும் கம்பி செல்லும் வழியை மாற்றுதல் மாந்தர்க்கு இயலும். பறவைக்குத் தன் கண்ணை மாற்றுதல் இயலாது.

2019 முதல், காட்டில் இட்ட முட்டைகளை எடுத்துச் சாமில் பொறியிற் பொரித்துக் குஞ்சுகளை வளர்க்கின்றனர். அவ்வளர்ப்பகத்தினுட் பொதுமக்கள் செல்வதற்கில்லை. காண விரும்புவார் இசைவுச்சீட்டுப் பெற்று, பூங்காவினுள் சுதாசரி என்னும் வேலியிட்ட வெளிக்கு விடியலிற் செல்லவேண்டும். சென்ற மார்கழியில் யாங்கள் அங்கு இரண்டு மணி வரை ஒன்றுங் காணாது நின்றோம். தங்கை, "அண்ணா, அந்தப் புதர் நடக்கிறது," என்றாள். தொலைநோக்கியிற் பார்த்தபோது நெடிய வெண்கழுத்தும் கருந்தலையுமாக இரண்டு பறவைகள் புல்லினூடே மெல்ல நடந்தன. கால்மணி நேரங் கழித்து மேட்டுக்கு அப்பால் மறைந்தன. எந்தையார் கைக்கடிகாரம் நோக்கி நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதினார். காவலர் தம் குறிப்பேட்டிலும் அவ்வண்ணமே எழுதிக்கொண்டார்.