உப்பளத்து வீட்டில் கிறிஸ்துமஸ்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

கிறிஸ்துமஸ் பண்டிகை என்றதும் புத்தாடையும், கேக்கும், வண்ண விளக்குகளும் நம் நினைவுக்கு வருகின்றன. கடைவீதிகளில் டிசம்பர் முதல் வாரத்திலேயே நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. ஆனால் கையில் காசில்லாத வீட்டிற்கும் அதே தேதியில்தான் கிறிஸ்துமஸ் வருகிறது. அந்த வீட்டில் பண்டிகை எப்படி நடக்கிறது? வாங்க முடியாதவற்றையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன? இக்கேள்விகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நூல்களிலிருந்து சிலவற்றையும், என் வீட்டிலிருந்து சிலவற்றையும் எடுத்துக்காட்டாகத் தர விழைகிறேன்.

முதல் கிறிஸ்துமஸ்

முதல் கிறிஸ்துமஸே ஓர் ஏழை வீட்டுக் கதைதான். சத்திரத்தில் இடம் கிடைக்காததால் பிறந்த குழந்தையைத் தீவனத் தொட்டியில் கிடத்தினார்கள் என்று லூக்கா நற்செய்தி கூறுகிறது. செய்தி முதலில் சென்றதும் அரண்மனைக்கு அன்று. இரவில் கிடை காத்துக்கொண்டிருந்த இடையர்களுக்குத்தான்.

பலர் கவனிக்காத செய்தி ஒன்றும் அதே அதிகாரத்தில் உண்டு. குழந்தையைக் கோவிலுக்குக் கொண்டுசென்றபோது பெற்றோர் செலுத்த வேண்டிய காணிக்கை இரண்டு புறாக்கள் என்று அங்கே குறிக்கப்படுகிறது. யூதச் சட்டப்படி அதற்குரிய காணிக்கை ஆட்டுக்குட்டி. அதற்கு வசதியில்லாதவர்கள் மட்டும் இரண்டு புறாக்களைச் செலுத்தலாம் என்று லேவியராகமத்தில் விலக்கு உள்ளது. இந்த ஒரு வரியிலிருந்தே யோசேப்பு, மரியாளின் கைநிலை நமக்குத் தெரிந்துவிடுகிறதல்லவா?

1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சியோ என்னும் ஊரில் புனித பிரான்சிஸ், வைக்கோலும் தீவனத் தொட்டியும் மாடும் கழுதையும் வைத்துக் கிறிஸ்து பிறப்பைக் காட்டினார். அந்த ஏழ்மையை மக்கள் கண்ணால் காணவேண்டும் என்பதே அவர் விருப்பம். இன்று நாம் வீடுதோறும் அமைக்கும் குடில் அந்த வழியில் வந்ததுதான்.

டிசம்பர் ஏன் வறண்ட மாதம்?

என் பெற்றோர் தூத்துக்குடியை அடுத்த உப்பளங்களில் கூலி வேலை செய்பவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் படிக்கும் வேதியியலில் பாதியை அவர்கள் உப்புப் பாத்தியிலேயே கற்றிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றில் நான்கில் மூன்று பங்கிற்குச் சற்று மேற்பட்டது சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பு. நீரை வெயிலில் காயவிட அதன் அடர்த்தி ஏறுகிறது. சமையல் உப்புக்கு முன்பே ஜிப்சம் படிகிறது. அடர்த்தி ஏறத்தாழ 25 டிகிரி போமேயை எட்டியபின் சமையல் உப்பு பூக்கத் தொடங்குகிறது. 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து கசக்கும். அதற்குள் வாரிவிட வேண்டும்.

இதற்கெல்லாம் மூலதனம் வெயில். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்தியில் நீர் கலந்து அடர்த்தி இறங்கிவிடும், வேலை நின்றுவிடும். மழை ஓய்ந்து, ஜனவரியில் பாத்தி சீர்செய்யும் வேலை தொடங்கும் வரை கூலி கிடையாது. மூன்று மாதம் வருமானமில்லாமல் இருந்தபின், கடைப் பற்று ஏறியிருக்கும் வேளையில் வருகிறது எங்கள் கிறிஸ்துமஸ். ஊருக்கெல்லாம் பண்டிகை மாதமாக இருப்பது எங்களுக்குப் பஞ்ச மாதம். இது யாருடைய சோம்பலாலும் வந்ததன்று. இயற்கையின் கணக்கு அப்படி.

எங்கள் வீட்டுக் கணக்கு

அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தெருவில் நடக்கும் பண்டிகைச் சீட்டில் வாரம் ரூ.60 வீதம் 50 வாரம் கட்டுவார். டிசம்பரில் ரூ.3,000 கைக்கு வரும். 2024 கிறிஸ்துமஸுக்கு அந்தப் பணம் செலவான விதம் இது: தம்பிக்கும் தங்கைக்கும் துணி ரூ.1,200, மாவு, எண்ணெய், வெல்லம் முதலிய பலகாரச் சாமான் ரூ.900, கறி ரூ.700, வண்ணத்தாளும் மெழுகுவத்தியும் ரூ.100, கோவில் காணிக்கை ரூ.100. எங்கள் ஊரின் பேர்போன மக்ரூன் இந்தக் கணக்கில் இல்லை. முந்திரி விலை அதற்கு இடம் கொடுக்கவில்லை. எனக்கும் பெற்றோருக்கும் புதுத்துணியும் இல்லை.

வீட்டில் சாப்பிடுவோர் ஐந்து பேர். அப்படியிருக்க, பலகாரத்திற்கு ரூ.900 எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை அம்மாவின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

அந்த நோட்டின் முன்பக்கத்திலிருந்து கடைப் பற்று எழுதப்படும். பின்பக்கத்திலிருந்து வேறொரு கணக்கு. அதில் ரூபாய் இராது. “தம்பிக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தது”, “அரைப்படி அரிசி, திருப்பி வாங்கவில்லை”, “பள்ளிக்கூட பாரம் நிரப்பித் தந்தது” என்று பெயரும் காரியமுமாக இருக்கும். எதற்கு இதெல்லாம் என்று ஒருமுறை கேட்டேன். “கடன எழுதாட்டா கடைக்காரரு ஞாபகப்படுத்துவாரு. இத எழுதாட்டா யாரு ஞாபகப்படுத்துவா?” என்றார்.

கிறிஸ்துமஸ் காலையில் பலகாரத் தட்டுகள் போவது அந்தப் பின்பக்கப் பட்டியலின்படிதான். பட்டியலில் இந்து வீடும் உண்டு, இஸ்லாமியர் வீடும் உண்டு. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அங்கிருந்து தட்டு வருவதும் வழக்கம். வள்ளுவர் தம் நூலின் 11-ஆவது அதிகாரம் முழுவதையும் செய்ந்நன்றி அறிதலுக்கு ஒதுக்கினார். அந்த அதிகாரத்தைப் பள்ளியில் நான் மனப்பாடம் செய்தேன். அம்மா அதைத் தட்டில் வைத்து வீடுவீடாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

2023: வெள்ளம் வந்த கிறிஸ்துமஸ்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு இரயில் நின்றுபோக, ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கிக்கொண்டனர். வெள்ளத்தில் தாங்களே தத்தளித்த புதுக்குடி மக்கள் அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. கொடுப்பதற்கு நிறைந்த கை வேண்டும் என்று நினைப்போருக்கு அவ்வூரே விடை.

உப்பளங்களில் குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரங்கள் கரைந்தன. எங்கள் வீட்டிற்குள் இடுப்பளவு தண்ணீர். தெருமுனை மாடிவீட்டு இஸ்லாமியப் பெரியம்மா எங்களையும் இன்னும் மூன்று குடும்பங்களையும் மேலே ஏற்றிக்கொண்டு நான்கு நாள் சோறு போட்டார். தண்ணீர் வடிந்து வீடு திரும்பியபோது கிறிஸ்துமஸுக்கு மூன்று நாளே இருந்தது. அவ்வாண்டுச் சீட்டுப் பணம் அரிசிக்கும் பாத்திரத்திற்கும் பாய்க்கும் போயிற்று.

நோட்டும் நனைந்து ஊறிப்போயிருந்தது. அம்மா ஒவ்வொரு தாளாகப் பிரித்து உலர்த்தினார். முன்பக்கக் கணக்கு அழிந்திருந்தது; கடையில் போய், எவ்வளவு என்று கேட்டு மறுபடி எழுதிக்கொண்டார். பின்பக்கத்தில் புதிதாகப் பல வரிகள் சேர்ந்தன. அவற்றில் முதல் வரி மாடிவீட்டுப் பெரியம்மாவுடையது.

அவ்வாண்டு மரமில்லை, நட்சத்திரமில்லை. அப்பா வீட்டிற்குள் படிந்திருந்த வண்டலையே பிசைந்து குடில் செய்தார். தம்பியும் தங்கையும் ஆடு மாடுகளைப் பிடித்தார்கள். மாட்டுக்கு ஒரு கொம்பு சிறிதாகிவிட்டது. அதற்காக அவர்கள் சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேலைக் காலத்தில் அப்பா பின்னிரவிலேயே எழுந்து அளத்துக்குப் போய்விடுவார். மாலையில் எரியும் கண்களோடு வந்து படுப்பார். அவர் பகல் முழுதும் எங்களோடு உட்கார்ந்திருந்தது அந்த நாட்களில்தான். பணத்தால் வாங்க முடியாத பொருள் என்று சொல்வார்களே, அவற்றுள் ஒன்று தகப்பனின் நேரம்.

பலகாரத் தட்டும் நிற்கவில்லை. கடனாக வாங்கிய இரண்டு கிலோ மாவில் முறுக்கு சுட்டு, வீட்டுக்கு இரண்டாகப் பதினான்கு வீடுகளுக்கு அனுப்பினார் அம்மா. இரண்டு முறுக்கா என்று யாரும் முகம் சுளிக்கவில்லை.

நன்றி வேறு, அடங்கிப்போதல் வேறு

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. “ஏழையை நன்றியோடு இருக்கச் சொல்வது, கேள்வி கேட்காமல் இருக்கச் சொல்வதாகாதா?” என்று என் வகுப்பு நண்பன் ஒருவன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் இதற்கு விடை தந்திருக்கிறார். 1824-இல் தந்தை கடனுக்காகச் சிறை சென்றபோது, 12 வயதில் காலணி மெருகுப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை செய்தவர் அவர். 1843 டிசம்பர் 19-இல் வெளியான அவரது கிறிஸ்துமஸ் கதையில் பாப் கிராட்சிட் என்னும் எழுத்தர் வருகிறார். வாரச் சம்பளம் 15 ஷில்லிங்; ஆறு பிள்ளைகள். பெரிய குடும்பத்திற்குச் சிறிய விருந்து. ஆயினும் எவரும் அதைக் குறைத்துப் பேசுவதில்லை. அந்த விருந்தில் பாப் தம் கருமி முதலாளியையும் வாழ்த்த முற்படுகிறார். அவர் மனைவியோ கோபம் கொள்கிறார். கணவருக்காகவும் அந்த நன்னாளுக்காகவும் மட்டுமே வாழ்த்துவதாகச் சொல்கிறார். உணவுக்கு நன்றி சொன்ன அதே மேசையில் குறைந்த கூலிக்கு எதிரான கோபமும் இருந்தது. இரண்டும் ஒரே உள்ளத்தில் இருக்கலாம் என்பதே நாம் கற்கும் பாடம்.

நம் மண்ணிலும் சான்று உண்டு. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கே வந்து தொழிலாளர்களிடம் கேட்டறிந்து, ‘கரிப்பு மணிகள்’ நாவலை 1979-இல் வெளியிட்டார். மழைக்கால வேலையின்மைக்கு நிவாரணம் வேண்டும் என்று தொழிலாளர் பல்லாண்டு கேட்டுவந்தனர். 2022-இல் தமிழக அரசு ரூ.5,000 வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. கேட்டதால் வந்தது அது. நன்றி என்பது நமக்குச் செய்யப்பட்டதை மறவாமை. உரிமை என்பது நமக்குச் செய்யப்பட வேண்டியதை மறவாமை. அம்மாவின் நோட்டில் இரண்டு பக்கங்களும் இருப்பதுபோல, நம் உள்ளத்திலும் இரண்டும் இருக்கவேண்டும்.

முடிவுரை

கையில் காசு குறைவான பண்டிகையைக் கொண்டாட மூன்று வழிகள் எனக்குப் புலப்படுகின்றன. முதலாவது, பிறர் வீட்டு விளக்கைப் பார்த்துக் கடன் வாங்காமல், இருப்பதற்குள் கணக்கிட்டுக்கொள்வது. இரண்டாவது, அவ்வாண்டில் நமக்கு உதவியவர்களைப் பெயர் சொல்லி நினைத்து, இயன்றதைக் கொண்டுபோய்க் கொடுப்பது. மூன்றாவது, குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து கையால் ஏதேனும் ஒன்றைச் செய்வது. இம்மூன்றும் கிறிஸ்துமஸுக்கு மட்டும் உரியவை அல்ல; பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் பொருந்துபவை.

நம் கல்லூரியில் படிப்போரில் பலர் என்னைப் போன்ற வீடுகளிலிருந்து வந்தவர்களே. நண்பர்களே, இவ்வாண்டு விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போவோம். நம்மைக் கல்லூரிக்கு அனுப்ப யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று வீட்டில் கேட்டு எழுதுவோம். அந்தப் பட்டியலின் நீளம் நம்மை வியக்க வைக்கும். பட்டம் பெற்று முதல் சம்பளம் வாங்கும் நாளில் எந்த வாசலிலிருந்து தொடங்கவேண்டும் என்பதையும் அதுவே நமக்குச் சொல்லும்.