வேட்பாளர் கட்டிய பந்தயம்



தேர்தல் வந்துவிட்டால் நம் காஞ்சியில் தறி ஓடும் வீட்டிலும் டீக்கடையிலும் பந்தயப் பேச்சு தொடங்கிவிடும். "எங்க ஆள் தோத்தா மீசையை எடுக்கிறேன்" என்பது வெறும் வாய்ச்சவடால். இருபக்கமும் பணம் வைத்து, தோற்றவர் கொடுக்க வேண்டும் என்றால் அது சூது. அல்மாயிதா அத்தியாயத்தின் 90-ஆம் வசனம் மதுவோடு சேர்த்துத் தடுத்த 'மைஸிர்' அதுதான். அப்படியானால் தேர்தலில் நிற்பவரே பந்தயம் கட்டினால்?

2024-ல் பிரிட்டனில் இது நடந்தது. கெவின் கிரெய்க் என்ற தொழிற்கட்சி வேட்பாளர், தான் நின்ற தொகுதியில் கன்சர்வேடிவ் கட்சியே வெல்லும் என்று பணம் கட்டியிருந்தார். ஜூனில் விஷயம் வெளியானதும் கட்சி அவரை இடைநீக்கம் செய்தது. கிடைக்கும் பணத்தைத் தர்ம காரியங்களுக்குக் கொடுக்கவே நினைத்தேன் என்றார். அந்நாட்டுச் சூதாட்ட ஆணையம் பின்னர் அவரை விடுவித்தது. சட்டம் விட்டுவிட்டது, சரி. மார்க்கம்?

தர்மத்துக்குத்தானே என்ற வாதம் பழையது. அறியாமைக் கால அரபிகள் ஒட்டகத்தை அறுத்து, அம்பு போட்டுச் சூதாடி, வென்ற இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமை பேசினார்கள் என்று தஃப்ஸீர்களில் வருகிறது. அதில் மக்களுக்குச் சில பயன் உண்டு என்பதை அல்பகரா 219-ஆம் வசனம் மறுக்கவில்லை. ஆனால் பாவம் பயனைவிடப் பெரிது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ரோமர்கள் மீண்டும் வெல்வார்கள் என்று அர்ரூம் அத்தியாயம் இறங்கியபோது, அபூபக்ர் (ரலி) அவர்கள் குறைஷியரோடு பந்தயம் கட்டவில்லையா என்று சிலர் கேட்பார்கள். கட்டினார்கள். பந்தயம் தடுக்கப்படுவதற்கு முன் நடந்தது அது என்று திர்மிதியின் அறிவிப்பிலேயே இருக்கிறது. தவிர, ரோமர்களின் போரில் அபூபக்ர் (ரலி) அவர்களுடைய கை எதுவும் இல்லை. வேட்பாளருடைய நிலை அப்படியா?

பாவும் பட்டும் ஜரிகையும் சங்கத்தில் வாங்கிச் சென்ற நெசவாளி, "இந்தச் சேலை பழுதாகும்" என்று வெளியில் பணம் கட்டினால், அடுத்த பாவை யார் அவரை நம்பிக் கொடுப்பார்? பதவி ஓர் அமானிதம் என்று நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களை எச்சரித்தார்கள். தன் தோல்வியில் லாபம் வைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்பவர், அமானிதம் கைக்கு வரும் முன்பே அதை விற்றுவிட்டார். வெற்றியின் மீது கட்டினாலும் ஆபத்துதான்; ஓட்டுக்குக் கொடுக்கும் காசு முதலீடாகிவிடும்.

நீங்கள் கட்டியிருந்தால் எண்ணிக்கைக்கு முன்பே விலகிவிடுங்கள். ஜெயித்து வாங்கியிருந்தால் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். அவர் யாரென்று தெரியாவிட்டால், நன்மையை எதிர்பார்க்காமல் ஏழையிடம் சேர்த்துவிடுங்கள். "வா, சூதாடலாம்" என்று வாயால் அழைத்தவர்கூட தர்மம் செய்ய வேண்டும் என்பது புகாரி, முஸ்லிமில் உள்ள நபிமொழி.