யானையும் பரியும்

மோட்டார் வண்டிக்கு மாண்பு தருவது வலிமையோ, எடைக் குறைவோ என்னும் வினா பழையது. இதற்கு விடை காண விழைவார், பிரான்சு நாட்டின் போ என்னும் நகரருகே 1930-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் நிகழ்ந்த கிராண்ட் பிரீ பந்தயத்தை நோக்குதல் தகும். பரிகளிடையே யானை புகுந்தாற்போல, ஆங்கிருந்த சிறிய புகாத்தி வண்டிகளிடையே நால்வர் அமரத்தக்க ஆங்கிலேயப் பென்ட்லி ஒன்று விளக்குகளையும் சேற்றுக் காப்புகளையும் களைந்து வந்து நின்றது. அதனைச் செலுத்தியவர் பிர்க்கின் என்பார்.

புகாத்தி 35 என்னும் வண்டி 1924-இல் லியோன் பந்தயத்தில் முதன்முதல் தோன்றியது. அன்று டயர்கள் கெட்டமையால் அது வெற்றி காணவில்லை. எனினும் 1925 முதல் 1929 வரை ஐந்தாண்டும் சிசிலித் தீவின் தார்கா ஃபுளோரியோ பந்தயத்தில் புகாத்தி வண்டிகளே வென்றன. இதன் எந்திரம் எட்டுச் சிலிண்டர்களும் ஏறத்தாழ இரண்டு லிட்டர்க் கொள்ளளவும் உடையது. ஆயினும் எம் உள்ளத்தைக் கவர்ந்தது எந்திரமன்று, சக்கரமே. கம்பி ஆரங்களை நீக்கி, எட்டு ஆரக்கால்களுடன் அலுமினியத்தில் வார்த்த சக்கரத்தோடு பிரேக் உருளையையும் ஒன்றாகவே அமைத்தனர். சக்கரத்தைக் கழற்றிய அளவிலேயே பிரேக்கின் உறுப்புகள் கண்ணுக்குப் புலனாகும். முன்னச்சோ உள்ளே துளையுடையது. வில்தகடுகள் அதனை ஊடுருவிச் செல்லும். வில்லின் கீழ் அமைந்த பாரம் குறையுந்தோறும் சக்கரம் மேடுபள்ளங்களில் துள்ளாது சாலையைப் பற்றி நிற்குமாதலின், வளைவுகளில் இவ்வண்டிக்கு இணையாவன அரிய.

பென்ட்லியின் நெறி வேறு. லண்டன் மாநகரின் கிரிக்கிள்வுட்டில் உருவான இவ்வண்டிகள், இருபத்து நான்கு மணி நேரம் ஓயாது ஓடும் லெமான்ஸ் பந்தயத்தில் 1924-லும், பின்னர் 1927 முதல் 1930 வரை தொடர்ந்தும் வென்றன. 1928-இல் வென்ற 4½ லிட்டர் வண்டி, அடிச்சட்டம் விரிசலுற்றும், குளிர்விக்கும் நீர் ஒழுகியும் எல்லையை எய்தியது. நான்கே சிலிண்டர்கள் கொண்ட அவ்வெந்திரத்திற்கு, மிகுதியாகக் காற்றூட்டும் சூப்பர்சார்ஜரைப் பிர்க்கின் முன்புறத்தே பொருத்துவித்தார். வண்டியை ஆக்கிய பென்ட்லி அதனை விரும்பவில்லை. எந்திரத்தின் கொள்ளளவைப் பெருக்குதலே நேரிய வழி என்பது அவர் கொள்கை. அவர் கூறியது பிழையன்று. 1930 லெமான்ஸில் பிர்க்கின் குழுவின் வண்டிகள் இரண்டும் இடையே நின்றுவிட, அக்கருவி இல்லாத ஆறு சிலிண்டர்ப் பென்ட்லியே வாகை சூடியது.

இனிப் போ நகர்ப் பந்தயத்திற்கு மீள்வோம். பிர்க்கின் வண்டியின் ஆற்றல் ஏறத்தாழ 240 குதிரைத் திறன். எடை 1,600 கிலோகிராமுக்குக் குறையாது. சூப்பர்சார்ஜர் பெற்ற புகாத்தி 35 சி வண்டியோ ஏறத்தாழ 125 குதிரைத் திறனும் 750 கிலோகிராம் எடையும் உடையது. கணக்கிடின் நூறு கிலோகிராமுக்குப் பென்ட்லிக்குக் கிட்டுவது பதினைந்து குதிரைத் திறன். புகாத்திக்கோ பதினாறுக்கும் மேல். தான் பெற்ற பேராற்றலைத் தன் உடலைச் சுமப்பதிலேயே பென்ட்லி செலவிட்டதென்பது இதனாற் பெறப்படும். பிரேக்கும் டயரும் அச்சுமையை ஒவ்வொரு வளைவிலும் தாங்கவேண்டுமன்றோ?

ஆகவே யாம் புகாத்தியின் பக்கமே நிற்கின்றோம். அன்று முதலில் வந்தவரும் 35 சி வண்டியைச் செலுத்திய எத்தான்செலின் என்பாரே. ஆனால் போ நகர்ச் சாலையின் நெடிய நேர்வழிகளில் யானையின் விரைவும் சிறிதன்று; பிர்க்கின் இரண்டாவதாக வந்தார். மூன்றாவதாக வந்த புகாத்தி அவருக்குப் பின்னேதான் எல்லையைக் கடந்தது.