ஒன்றில் தொடங்கும் ஒளி

ஏழாம் வகுப்பில் உலக விழாக்கள் பற்றிப் பேசியபோது, யூதர்களின் ஹனுக்கா விளக்குகளைக் கரும்பலகையில் வரைந்தேன். முதல் இரவு ஒன்று, இரண்டாம் இரவு இரண்டு, எட்டாம் இரவு எட்டு. கடைசி வரிசை மாணவி ஒருத்தி, "முதல் நாளே எட்டையும் ஏத்திட்டா என்ன சார்?" என்று கேட்டாள். நாளை சொல்கிறேன் என்றேன். தேடிப் படித்ததை உங்களோடு பகிர்கிறேன்.

கி.மு. 167-இல் செலூக்கிய மன்னர் நான்காம் அந்தியோக்கஸ் யூத வழிபாட்டைத் தடைசெய்தார். எருசலேம் ஆலயத்தில் அயல் வழிபாடு புகுந்தது. மக்கபேயர்கள் போராடி, கி.மு. 164-இல் ஆலயத்தை மீட்டு மீண்டும் அர்ப்பணித்தனர். ஹனுக்கா என்றால் அர்ப்பணிப்பு. கல்வியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லான 'ஹினுக்'கும் இதே வேரில் பிறந்தது. ஒரு நாளுக்கே போதுமான தூய எண்ணெய் எட்டு நாள் எரிந்ததாகத் தால்மூத் கூறுகிறது.

விழா தொடங்குவது கிஸ்லேவ் மாதம் 25-ஆம் நாள். யூத மாதங்கள் வளர்பிறைத் தொடக்கத்தில் பிறப்பவை. ஆகவே அது தேய்பிறையின் இறுதி. எட்டு இரவுகளுக்கு இடையே நிலவற்ற இரவும் வரும். வட அரைக்கோளத்தில் இரவு நீண்டிருக்கும் குளிர்காலமும் அதுவே. இருள் மிகுந்த நேரத்தில், தெருவில் செல்வோர் காணும்படி வாசலிலோ சன்னலிலோ விளக்கு வைக்கிறார்கள்.

மாணவியின் கேள்வி ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே எழுந்திருக்கிறது. எட்டில் தொடங்கி நாளுக்கொன்றாகக் குறைக்க வேண்டும் என்றது ஷம்மாய் மரபு. ஒன்றில் தொடங்கிக் கூட்ட வேண்டும் என்றது ஹில்லேல் மரபு: புனிதமானதில் ஏற்றமே வேண்டும், இறக்கம் கூடாது. ஹில்லேல் வழியே நிலைத்தது. ஒவ்வோர் இரவும் புதிதாகச் சேர்ந்த விளக்கையே முதலில் ஏற்றுகிறார்கள்.

இதைப் படித்தபோது என் மாலை வகுப்பு நினைவுக்கு வந்தது. ஜூனில் மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு நாளுக்கு எட்டுப் பக்கம் என்று தொடங்குவேன். ஆகஸ்டில் வகுப்பே நின்றுவிடும். கேள்வி கேட்ட மாணவியும் அதில் இருந்தவள்தான். இருள் இருளாகவே இருக்க, என் உற்சாகம் மட்டும் அணைந்துபோனது. இப்போது முதல் நாள் ஒரு வரி, மறுநாள் இரண்டு வரி. புதிய வரியை முதலில் படிப்போம், பிறகு பழையவை.

வகுப்பறையில் இதைக் கணக்காகவும் செய்யலாம். எட்டு இரவுகளுக்கும் சேர்த்து 36 விளக்குகள். மற்றவற்றை ஏற்றப் பயன்படும் 'ஷமாஷ்' எனும் பணி விளக்கு இரவுக்கு ஒன்று. ஆக மொத்தம் 44. விழா விளக்கின் ஒளியில் வேலை செய்யக் கூடாது என்பதால், ஷமாஷைச் சற்று உயர்த்தியோ தள்ளியோ வைக்கிறார்கள்; எட்டில் அதைச் சேர்ப்பதில்லை.

"அப்ப ஏத்தி வைக்கிற விளக்கு கணக்குல வராதா சார்?" என்றாள் அதே மாணவி. வராது என்றேன். எட்டாம் நாள் அவள் எட்டு வரிகளையும் தடுமாறாமல் படித்தாள்.