உப்புக் கரையில் நன்னீர்

நம் சங்க அங்கத்தினர்களில் ஒரு சாரார் தறி நெய்வோர். மற்றொரு சாரார் நிலம் பயிரிடுவோர். நீரைப் பற்றிப் பேச்சு எழுமாயின், முன்னவர் சாயத் தொட்டியையும் பின்னவர் வாய்க்காலையுமே நினைக்கின்றனர். வீட்டு வாசலில் குழாய் வழியே வரும் குடிநீர் எங்கே பிறந்து, யாருடைய பொறுப்பில், எத்தனை கைகள் மாறி வந்து சேருகிறது என்பதை ஆராய்ந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. ஆகையால் இம்மாதப் பாடத்திற்கு அப்பொருளையே எடுத்துக்கொண்டோம். எடுத்துக்காட்டாகப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள ஜெகதாப்பட்டினத்தை மனத்தில் நிறுத்திப் பேசுவோம். கண்ணெதிரே பாக் நீரிணை பரந்து கிடக்கும் ஊரில் குடிநீரின் அருமை விளங்குவதுபோல் வேறெங்கும் விளங்காது.

ஜெகதாப்பட்டினம் இழுவைப் படகுகள் தங்கும் மீன்பிடித் துறை. கடலுக்குச் செல்வோர் பனிக்கட்டியோடு குடிநீரையும் ஏற்றிக்கொண்டே கரையை விட்டுப் புறப்பட வேண்டும். இப்பகுதி 1974ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டம் அமையும்வரை தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தஞ்சை என்றவுடன் காவிரி நீர் கரைபுரளும் வயல்களே நினைவுக்கு வரும். ஆனால் அறந்தாங்கிக்குக் கிழக்கே கடைமடையில் வாழ்ந்தவர்களுக்குக் காவிரி பெரும்பாலும் கேள்விச் செல்வமாகவே இருந்தது. மேட்டூர் அணை 1934இல் எழுந்தபின் கல்லணைக் கால்வாய் அறந்தாங்கிப் பக்கம் வந்தது உண்மையே. அது பாசனத்திற்கு வந்த நீர். அதுவும் பருவத்தில் மட்டும் வருவது. குடிப்பதற்கு ஊருணியும், மணற்பாங்கில் தோண்டிய ஆழமற்ற கிணறும்தான் கதி.

அந்த ஆழமற்ற கிணற்றின் தத்துவத்தை நாம் நன்கு அறிந்துகொள்ள வேண்டும். நம் பயிர்க்காரர்களுக்கு இதுவே இப்பாடத்தின் உயிர்ப்பகுதி. மழைநீர் மணலில் இறங்கிக் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் இலேசானது, கடல்நீர் சற்றே கனமானது. நன்னீரின் எடை 1000 என்றால் அதே அளவு கடல்நீரின் எடை ஏறத்தாழ 1025. இந்தச் சிறு வேற்றுமையிலிருந்து ஒரு பெரிய கணக்கு பிறக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், அதன் பாரத்தால் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் தங்கும். ஹாலந்து நாட்டுப் பொறியாளர் கைபன் என்பவரும், பின்னர் 1901இல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தனித்தனியே கண்ட உண்மை இது.

இதை மறுபுறமாகத் திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்து புலப்படும். கரையோரத்தில் வலிய மோட்டாரை வைத்து நீர்மட்டத்தை 1 அடி இறக்கினால், கீழிருக்கும் உப்புநீர் காலப்போக்கில் 40 அடி மேலே ஏற இடம் கிடைக்கிறது. இது இன்றைக்கு இறைத்து நாளைக்குக் காணும் விளைவன்று. சில ஆண்டுகள் நீர் இனிமையாகவே இருக்கும்; பிறகு ஒரு கோடையில் தேநீர் சுவை மாறும்; அடுத்த கோடையில் தென்னங்குரும்பை உதிரும். அப்பொழுது மோட்டாரை நிறுத்தினாலும், உப்பு ஏறிய வேகத்தில் இறங்குவதில்லை. பல நல்ல மழைகளுக்குக் காத்திருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழப்படுத்தினால் நல்ல நீர் கிடைக்கும் என்று கரையோரத்தில் எண்ணுவது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அடியில் களிமண் அடுக்குக் காவலாக அமைந்த இடங்களில் ஆழத்திலும் நன்னீர் உண்டு. காவலற்ற இடத்தில் ஆழம் செல்லச் செல்ல உப்பே எதிர்ப்படும். நிலநூல் அறிந்தவரைக் கேளாமல் துளையிடுவது சீட்டாட்டத்துக்கு ஒப்பாகும்.

இறால் பண்ணைகளையும் இங்கே ஒரு சொல்லாவது சொல்ல வேண்டும். கடல்நீரை நிலத்தில் தேக்கி வைத்தால் அது கீழே கசியும். பக்கத்துக் கிணறுகள் கெட்டன என்று தமிழகக் கடற்கரையினர் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கெனத் தனிச் சட்டமும் ஆணையமும் வந்தன.

உள்ளூர் நீர் போதாமையால், அல்லது உவர்த்துப் போனமையால், தொலைவிலிருந்து நீர் கொணரும் ஏற்பாடு பிறந்தது. சென்னை நகருக்கெனத் தனி வாரியம் உண்டு. தமிழகத்தின் மற்றப் பகுதிகளுக்கு 1971 ஏப்ரலில் தொடங்கிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமே பெருந்திட்டங்களை வகுத்து அமைக்கிறது. ஓர் ஊருக்கு ஒரு திட்டம் என்றில்லாமல், பல ஊர்களை ஒரே குழாய்த் தொடரில் இணைப்பதைக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்கின்றனர். இவற்றுள் பெரியதொன்று இராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஏறத்தாழ 616 கோடி ரூபாய்ச் செலவில் 2010இல் நிறைவேறிய இத்திட்டம், திருச்சிக்கு மேற்கே முத்தரசநல்லூர்ப் பக்கம் காவிரி மணலில் நீரெடுத்து, இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களுக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தின் சில ஊர்களுக்கும் வழங்குவதற்காக எழுந்தது.

ஆற்றில் நீரெடுக்கும் விதத்தைப் பலர் தவறாக எண்ணியிருக்கின்றனர். ஆற்றின் மேல் ஓடும் கலங்கல் நீரைக் குழாயில் விடுவதில்லை. ஆற்றுப் படுகையில் பெரிய வட்டக் கிணறு இறக்கி, அதன் அடியிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் துளையுள்ள குழாய்களை மணலுக்குள் செலுத்துகின்றனர். நீர் மணல் வழியே வடிந்து அக்குழாய்களில் புகுந்து கிணற்றில் சேரும். ஆற்றில் வெள்ளம் வற்றினாலும் மணலின் கீழ் ஊற்று நெடுநாள் இருக்கும். மணலே வடிகட்டியாகவும் உதவும். இதனால்தான் ஆற்று மணலை அளவின்றி அள்ளுவது, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊர்களின் குடத்தில் கைவைப்பதற்குச் சமமாகிறது. மணலை விற்றவருக்கும் குடத்தை ஏந்தி நிற்பவளுக்கும் முகப்பழக்கமே இராது.

திருச்சி மேட்டில்; கடற்கரை பள்ளத்தில். பின்னர் எதற்கு மின்சாரச் செலவு என்று நம் அங்கத்தினர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. இடையில் நிலம் ஒரே சரிவாக இல்லை. மேடுகளைத் தாண்ட வேண்டும். அதோடு, நீண்ட குழாயின் உட்புறத்தில் நீர் உராய்ந்து தன் வேகத்தை இழக்கிறது. இவ்விரண்டையும் வெல்ல நீரேற்று நிலையங்கள் வேண்டும். கணக்குச் சொல்லின், 1000 லிட்டர் நீரை 100 மீட்டர் உயரத்திற்கு ஏற்ற, பம்பின் இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம் செலவாகும். கடல்நீரையே நன்னீராக்கினால் என்ன என்போரும் உண்டு. சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் 2010 முதலும், தெற்கே நெம்மேலியில் 2013 முதலும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் அளவில் அவ்வாறு செய்கின்றனர். ஆனால் 1000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட்வரை மின்சாரம் வேண்டும். எஞ்சும் அடர்ந்த உப்புநீரை மீன்வளம் கெடாதபடி கடலில் சேர்க்கவும் வேண்டும். மீன்பிடி ஊருக்கு இது அற்பமான விஷயமன்று.

பெருங்குழாய் ஊர் எல்லையை அடைந்தவுடன் நீர் கைமாறுகிறது. வாரியம் மொத்தமாக அளந்து கொடுக்கும். ஊராட்சி சில்லறையாகப் பகிர்ந்து கொடுக்கும். முதலில் தரைமட்டத் தொட்டி, அங்கிருந்து மேல்நிலைத் தொட்டி, பின்னர்த் தெருக்குழாய், கடைசியில் வீட்டிணைப்பு. 2019 ஆகஸ்டு 15இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம் கிராமத்தில் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வகுத்தது. ஏறக்குறைய 4 குடம். ஆயிரம் குடும்பமும் நாலாயிரம் பேரும் உள்ள ஊருக்கு இக்கணக்குப்படி 2,20,000 லிட்டர் வேண்டும். ஊரில் 30,000 லிட்டர்த் தொட்டி ஒன்றே இருக்குமாயின், அதை நாளுக்கு ஏழு தடவைக்கு மேல் நிரப்ப வேண்டும். மின்சாரம் நின்றால்? 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையேறியபின் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்த நாட்களில், வாடகை ஜெனரேட்டரைத் தெருத் தெருவாய்க் கொண்டுபோய்த் தொட்டி நிரப்பியதை இம்மாவட்டத்தார் மறந்திருக்கமாட்டார்கள்.

மேல்நிலைத் தொட்டி உயரத்தில் இருப்பது அழகுக்கன்று. 10 மீட்டர் உயர நீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் தரும். அந்த அழுத்தமே தெருக்கோடிவரை நீரைத் தள்ளுகிறது. குழாயில் ஓடும் நீர் இருமடங்கானால் உராய்வு இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. ஆகவே தொட்டியை ஒட்டிய வீட்டார் எல்லாரும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டால், கடைசித் தெருவில் குழாய் காற்றைத்தான் ஊதும். தொட்டி இயக்குபவர் வால்வைத் திருப்பித் தெருவுக்குத் தெரு நேரம் பிரித்து விடுவது இதனால்தான். அவர் ஒரு தெருவுக்குக் கால் மணி கூட்டினால் அது வேறொரு தெருவின் கால் மணி.

இங்கே நம் மனத்தை உறுத்தும் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டியிருக்கிறது. தெருக்குழாயில் நேரே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சும் வழக்கம் பரவியுள்ளது. சங்கத்து அங்கத்தினர் வீடுகளும் விலக்கல்ல. இது பக்கத்து வீட்டாரின் பங்கைப் பறிப்பது என்பது எல்லாரும் அறிந்ததே. அறியாதது மற்றொன்று. உறிஞ்சும்பொழுது குழாயினுள் அழுத்தம் வெளியிலிருப்பதைவிடக் குறைந்துவிடுகிறது. அப்பொழுது விரிசல் வழியே நீர் வெளியே கசிவதற்கு மாறாக, வெளியே நிற்கும் சாக்கடை உள்ளே இழுக்கப்படுகிறது. நாம் அறிந்த ஒரு சிற்றூரில், ஒரே தெருவில் மட்டும் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. தொட்டி நீரைச் சோதித்தார்கள், குற்றமில்லை. ஊரெல்லாம் தேடிய பிறகு, வடிகாலைக் கடந்து சென்ற வீட்டிணைப்புக் குழாய் ஒன்றில் கைவிரல் அகலப் பிளவு இருந்தது தெரிந்தது. அத்தெருவில் மோட்டார் இல்லாத வீடுகள் இரண்டே. அந்த இரு வீட்டுக் குழந்தைகளும் நோயில் கிடந்தனர்.

நோயைத் தடுக்க வாரியமும் ஊராட்சியும் நம்பியிருப்பது குளோரின். ஊர்களில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்தபின் மேல்நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுகின்றனர். 1000 லிட்டருக்கு 4 கிராம் என்று கொண்டால் 30,000 லிட்டருக்கு 120 கிராம். ஆனால் தூள் பழையதாகி ஈரம் பட்டிருந்தால் அதன் வீரியம் குன்றியிருக்கும். எடை சரியாக இருந்தும் பயன் இராது. எனவே போட்ட அளவைப் பாராமல், கடைசி வீட்டுக் குழாயில் எஞ்சியதைப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் அங்கே எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்திய நியமம். சிறு கண்ணாடிக் குழலில் நீரெடுத்துச் சோதனைத் திராவகம் விட்டால் மஞ்சள் நிறம் காட்டும். நிறமே இல்லையேல் காவலும் இல்லை. மருந்து வாடை அடிக்கிறது என்று முகம் சுளிப்போர், வாடை சற்றும் இல்லாத நாளில்தான் விசாரிக்க வேண்டும்.

உப்பு வேறு விஷயம். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்புடையது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000வரை பொறுக்கலாம் என்பது நியமம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்புப் போகாது. நீர் ஆவியாவதால் உப்புச் சற்றே மிகும். நெசவாளர்க்கு ஒரு குறிப்பு: கடின நீரில் உள்ள சுண்ணமும் மக்னீசியமும் சோப்பைத் தின்று, நூலில் படிந்து, சாயத்தைத் திட்டுத்திட்டாக ஆக்கும். அதற்காகக் குடிநீர்க் குழாயிலிருந்து சாயத் தொட்டியை நிரப்பலாகாது. கூரை மழைநீரைத் தொட்டியில் பிடித்தால் அதைவிட மென்மையான நீர் விலைக்கும் கிடைக்காது. 2003இல் தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்புகள் பல வீடுகளில் குப்பை அடைத்துக் கிடக்கின்றன. ஐப்பசி பிறக்குமுன் ஒரு நாள் வேலை.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். ஊராட்சி வாரியத்துக்கு நீர்க்கட்டணமும், மின்வாரியத்துக்கு மின்கட்டணமும், தொட்டி இயக்குபவருக்கு ஊதியமும் தர வேண்டும். வீடுதோறும் பெறும் மாதக் கட்டணம் இவற்றை எட்டுவது அரிது. நிலுவை ஏறினால் முதலில் தள்ளிப்போவது பழுது பார்க்கும் வேலை. திருகுமூடி இல்லாத பொதுக்குழாய் ஒன்றில் நிமிடத்துக்கு 10 லிட்டர் வீணாகுமாயின், ஒரு மணி நேரத்தில் 600 லிட்டர், அதாவது பதினோரு பேரின் ஒரு நாள் பங்கு மண்ணில் போகிறது. கடனைத் தவணை தவறாமல் வசூலிக்கும் நம் சங்கத்தார்க்கு இக்கணக்கை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஜெகதாப்பட்டினம் போன்ற ஊர்களுக்கு ஒரு தனித் தொல்லையும் உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14வரை 61 நாட்கள் இழுவைப் படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. ஆடவர் எல்லாரும் வீட்டில் இருக்கும் மாதங்களும், கிணறுகள் வற்றும் மாதங்களும், மின்சாரம் தள்ளாடும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. வருமானம் நின்ற அந்நாட்களில்தான் லாரி நீரைக் குடம் விலை பேசி வாங்கும் நிலையும் நேருகிறது. எனவே கோடைக்குரிய நேரப்பட்டியலை மார்ச்சு மாதத்திலேயே வகுத்துவிட வேண்டும். மார்ச்சு 22 உலக நீர் நாள். அன்று கிராம சபை கூடுகிறது. அச்சபையில் கேட்கத்தக்கவை: வாரியத்திடமிருந்து ஊர் எல்லையில் அளந்து பெற்ற நீர் நாளுக்கு எவ்வளவு, தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி எது, கடைசித் தெருவுக்கு நீர் விடும் நேரம் எது, அத்தெருவில் குளோரின் சோதித்த நாள் எது. தொட்டி கழுவிய தேதியைத் தொட்டியின் மேலேயே எழுதி வைப்பது வழக்கம். ஏணியடியில் நின்று அண்ணாந்து பார்த்தாலே தெரியும்.

ஊர்தோறும் ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனைப் பயிற்சி தந்து சோதனைப் பெட்டியும் வழங்குவது ஜல் ஜீவன் இயக்கத்தின் ஏற்பாடு. உங்கள் ஊரில் அந்தப் பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரியுங்கள். திறக்கப்படாமல் பரணில் இருக்குமாயின் அதை இறக்கி, மழைக்கு முன் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் கிணறு, தொட்டி, கடைசி வீட்டுக் குழாய் என்னும் மூன்றிடத்தும் சோதித்து, எண்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி வரச் செய்யுங்கள். கிணற்று நீரின் உப்பு ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா என்பதை நாக்கு சொல்லுமுன் அந்த நோட்டுப் புத்தகம் சொல்லிவிடும்.